யார் கையில் எந்த கார்டு? லண்டனில் பஸ், ட்யூப் கட்டணம் கட்டுவது பற்றி

லண்டனுக்கு விசா கிடைத்த கையோடு ஆட்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். ஓய்ஸ்டர் கார்டு (லண்டன் பஸ், ரயிலுக்கென்றே இருக்கும் காசேற்றும் கார்டு) வாங்கணுமா, இல்லை நம்ம ஊர் பேங்க் கார்டே போதுமா? அக்கா குடும்பம் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறது, நான் அவ்வப்போது போய்வருகிறேன், அதனால் இந்த விஷயத்தில் நான் ஏதோ படித்துப் பட்டம் வாங்கியவன் என்று சொந்தத்தில் ஒரு நினைப்பு. பதில் சொல்வதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பேன்: எத்தனை பேர் போறீங்க, யாருக்கு என்ன வயசு, யார்கிட்ட என்ன கார்டு இருக்கு? "அட, கேட்டதுக்குப் பதில் சொல்லுப்பா" என்பார்கள். ஆனால் இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது? லண்டன் நகருக்குள் பெரியவர் ஒருவர் ஓய்ஸ்டரில் போனாலும் பேங்க் கார்டில் போனாலும் கட்டணம் ஒன்றேதான். யூட்யூபில் இரண்டுக்கும் பட்டிமன்றம் வைத்து ஓய்ஸ்டர்தான் மலிவு என்றும் கான்டாக்ட்லெஸ், அதாவது செருகாமல் தட்டிக் கட்டும் பேங்க் கார்டுதான் மலிவு என்றும் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இந்த அடிப்படையைத் தாண்டியே போய்விடுகிறார்கள். மலிவாக முடிவதும் செலவு இழுப்பதும் குடும்பத்தில் யார் கையில் எந்த கார்டைக் கொடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

முதல்முறை போகிறவர்களுக்காக அங்கே எப்படி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் எடுப்பது என்ற வேலையே அங்கே ஏறக்குறைய கிடையாது. ட்யூப், அதாவது சுரங்க ரயில், ஸ்டேஷனுக்குள் நுழையும்போது கேட்டில் இருக்கும் மஞ்சள் வட்டத்தில் கார்டை வைக்க வேண்டும், கேட் திறக்கும். இறங்கி வெளியே வரும்போது திரும்ப அதே கார்டை வைக்க வேண்டும். எங்கே ஏறினோம், எங்கே இறங்கினோம், எந்த நேரம் என்று பார்த்துக் கட்டணத்தை அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் வைத்தால் போதும், இறங்கும்போது ஒன்றும் செய்யத் தேவையில்லை. பஸ்ஸில் கண்டக்டர் இல்லை, டிரைவர் காசை வாங்க மாட்டார். 2014 ஜூலை 6 முதல் லண்டன் பஸ்ஸில் ரொக்கம் செல்லாது. பையில் ஆயிரம் பவுண்டு நோட்டாக வைத்திருந்தாலும் பஸ் ஏற முடியாது. கையில் நோட்டுக்கட்டோடு வந்து இறங்குகிற நம் ஊர்ப் பெரியவர்களால் இதை நம்பவே முடிவதில்லை.

ஓய்ஸ்டர் கார்டு வந்தது 2003-இல். காசை முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொண்டு தட்டித் தட்டிப் போகிற கார்டு. அப்புறம் 2012 டிசம்பரில் பஸ்ஸிலும், 2014 செப்டம்பரில் ட்யூபிலும் சாதாரண பேங்க் கார்டையே தட்டலாம் என்று கொண்டுவந்தார்கள். கேட்பதற்குச் சின்ன மாற்றம் மாதிரி இருக்கும். கடையில் கார்டைக் கொடுத்தால் மெஷின் யோசித்து யோசித்து "அப்ரூவ்டு" என்று சொல்வதற்குள் நாம் பையில் சாமானை அடுக்கி முடித்துவிடுவோம். ரயில்வே கேட்டில் பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது அது நடக்குமா? அரை வினாடிக்குள் கேட் திறந்தாக வேண்டும் என்பது லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல்லின் நிபந்தனை. அதனால் நீங்கள் தட்டும்போது கட்டணத்தை எடுப்பதில்லை. கார்டு செல்லுபடியாகுமா என்று மட்டும் பார்த்து உள்ளே விட்டுவிட்டு, நாள் முழுக்க நீங்கள் போன பயணங்களை எல்லாம் சேர்த்து ராத்திரி கூட்டிப் பார்த்து ஒரே தொகையாக பேங்கிடம் கேட்கிறார்கள்.

இந்த ராத்திரிக் கணக்கில்தான் சுற்றுலாப் பயணிக்கு லாபம் இருக்கிறது. ஒரு நாளில் எவ்வளவு சுற்றினாலும் ஒரு அளவுக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் வந்த கட்டணப்படி சொல்கிறேன்: ஊரை நடுவிலிருந்து வெளியே வட்டம் வட்டமாக ஸோன்களாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் நடுப்பகுதியான 1, 2 ஸோன்களுக்குள் எத்தனை தடவை ட்யூபிலும் பஸ்ஸிலும் ஏறி இறங்கினாலும் நாளுக்கு 8.90 பவுண்டுதான். 1 முதல் 6 வரை எல்லா ஸோனும் சுற்றினால் 16.30. பஸ்ஸிலேயே சுற்றினால் வெறும் 5.25. இதெல்லாம் தானாகவே நடக்கும். முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டாம், எந்த பாஸும் வாங்க வேண்டாம், நாலாவது ட்ரிப்பா ஐந்தாவது ட்ரிப்பா என்று விரல்விட்டு எண்ண வேண்டாம். நாள் என்பதை நள்ளிரவு 12 மணிக்கு மாற்றாமல் விடிகாலை நாலரைக்கு மாற்றுகிறார்கள், ஆகையால் இரண்டாம் ஆட்டம் மாதிரி ஏதாவது நாடகம் பார்த்துவிட்டு ஒரு மணிக்கு பஸ் பிடித்தாலும் அது பழைய நாள் கணக்கில்தான் சேரும்.

நமக்கு இது ஒட்டவே ஒட்டாது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பாஸ், பேக்கேஜ், காம்போ என்று எதையாவது வாங்கி ஃபைலில் போட்டால்தான் நமக்குத் தூக்கம் வரும். இப்படி வாங்கித் தருவதற்கென்றே டிராவல் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். ஒரு நாள் டிராவல்கார்டு என்று தாளில் அச்சடித்த டிக்கெட் இன்னும் விற்கிறார்கள்தான், ஆனால் அதன் விலை 1, 2 ஸோன் உச்சவரம்பைவிட ஏறக்குறைய இருமடங்கு. மழை பெய்து பாதி நாள் அக்கா வீட்டு சோபாவிலேயே கழிந்தாலும் அந்தக் காசு போனது போனதுதான். கார்டைத் தட்டுகிறவருக்கு, சோபாவில் இருந்த நாளுக்குச் செலவு பூஜ்யம்.

வாரக் கணக்கில் மட்டும் ஒரு கொக்கி இருக்கிறது. வாரத்துக்கும் உச்சவரம்பு உண்டு, 1, 2 ஸோனுக்கு 44.70 பவுண்டு. ஏறக்குறைய ஐந்து நாள் உச்சவரம்பு. ஆறாவது, ஏழாவது நாள் கிட்டத்தட்ட இலவசம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வாரம் திங்கள் தொடங்கி ஞாயிறு முடியும் வாரம். வியாழக்கிழமை போய் இறங்கி அடுத்த புதன் கிளம்புகிறவருக்கு இரண்டு அரைவாரம்தான் கிடைக்கும், இரண்டிலும் வரம்பைத் தொட மாட்டார். அவர் தினமும் சுற்றுவது உறுதி என்றால் ஓய்ஸ்டரில் ஏழு நாள் டிராவல்கார்டு ஏற்றிக்கொள்ளலாம், அதே 44.70-தான், எந்தக் கிழமையிலும் தொடங்கும். பாஸ் வாங்குவது புத்திசாலித்தனம் என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் இது. விமான டிக்கெட்டை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இறங்குகிற மாதிரி போடுவது இன்னும் நல்லது.

சரி, இப்போது நம் ஊர் கார்டுக்கு வருவோம். இங்கேதான் லண்டன்காரர்கள் எழுதுகிற குறிப்புகள் நமக்கு உதவாமல் போகின்றன. "உங்கள் கார்டைத் தட்டுங்கள், அவ்வளவுதான்" என்று அவர்கள் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நம் கார்டில் அது அவ்வளவுதான் இல்லை. ரிசர்வ் வங்கி 2020 அக்டோபர் 1 முதல் ஒரு விதி கொண்டுவந்தது. புதிதாகத் தரும் கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும், வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன், கான்டாக்ட்லெஸ் மூன்றையும் கார்டுக்காரர்தான் கேட்டு இயக்கிக்கொள்ள வேண்டும். பாதுகாப்புக்கு நல்ல விதிதான், ஆனால் வெளிநாட்டு ரயில்வே கேட்டில் நிற்கிறவருக்கு இதில் இரண்டு சுவிட்ச் இருக்கிறது, இரண்டும் போட்டிருக்க வேண்டும். பலர் வெளிநாட்டுப் பயன்பாட்டை மட்டும் இயக்கிவிட்டுக் கான்டாக்ட்லெஸ்ஸை மறந்துவிடுகிறார்கள். கடையில் பின் நம்பர் போட்டுச் சமாளித்துவிடலாம், ட்யூப் கேட்டில் பின் நம்பர் போட இடமே கிடையாது, சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பேங்க் ஆப்பில் இரண்டையும் பார்த்துவிடுங்கள். ஒரு முறை நம் ஊர்ப் பெட்ரோல் பங்கிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ தட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது, கார்டின் சிப்பே வேலை செய்யவில்லை என்றால் அதையாவது ஊரில் இருக்கும்போதே தெரிந்துகொள்ளலாம்.

விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் மூன்றும் அந்த கேட்டில் செல்லும். ரூபே செல்லாது. நம் பெரியவர்களிடம் இருப்பது பாதிக்கு மேல் ரூபே டெபிட் கார்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பென்ஷன் கணக்கோடு வந்த கார்டு அதுவாகத்தான் இருக்கும். யுபிஐ பற்றிக் கேட்கவே வேண்டாம், கேட்டில் கியூஆர் ஒட்டியிருக்க மாட்டார்கள். போனில் கூகுள் வாலட் இருக்கிறதே, அதைத் தட்டினால்? இந்தியாவில் 2024-இல் வந்த கூகுள் வாலட்டில் விமான போர்டிங் பாஸ் வைத்துக்கொள்ளலாம், கார்டைச் சேர்த்துத் தட்டிப் பணம் கட்டும் வசதியைத் தரவில்லை. ஆக நமக்கு பிளாஸ்டிக் கார்டுதான்.

அடுத்த கவலை மார்க்அப். வெளிநாட்டில் தேய்த்தால் பேங்க் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் தொகை. பல கார்டுகளில் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். இதைப் பார்த்துப் பயந்துதான் பலர் ஓய்ஸ்டர் பக்கம் ஓடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாள் உச்சவரம்பு 8.90 பவுண்டு முழுதாகப் போனாலும் அதில் 4.13 சதவீதம் என்பது சுமார் 37 பென்ஸ். ஓய்ஸ்டர் கார்டின் விலை, அதாவது உள்ளே ஏற்றும் காசு போக வெறும் பிளாஸ்டிக்குக்கு மட்டும், 10 பவுண்டு. முன்பு 7 ஆக இருந்ததை 2025 செப்டம்பரில் ஏற்றிவிட்டார்கள், அந்தக் காசு திரும்ப வராது. 37 பென்ஸ் 37 பென்ஸாகச் சேர்ந்து 10 பவுண்டு ஆவதற்கு 27 நாள் தினமும் உச்சவரம்பைத் தொட்டாக வேண்டும். பத்து நாள் போகிறவர் மார்க்அப்புக்குப் பயந்து ஓய்ஸ்டர் வாங்கினால் ஏறக்குறைய மூன்று மடங்கு கொடுத்துத் தப்பிக்கிறார் என்று அர்த்தம். போதாததற்கு அந்த ஓய்ஸ்டரில் காசு ஏற்ற அதே பேங்க் கார்டைத்தான் மெஷினில் செருகுவார், மார்க்அப் அங்கேயும் விழும். மார்க்அப் இல்லாத அல்லது குறைந்த கார்டும், பவுண்டு ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஃபாரெக்ஸ் கார்டில் கான்டாக்ட்லெஸ் குறி, அந்த நாலு வளைகோடு, இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை தட்டியதும் 10 பென்ஸ் எடுத்ததாக எஸ்எம்எஸ் வரலாம். பயப்பட வேண்டாம். கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. உண்மையான தொகை பிறகு வரும்.

இப்போது குடும்பத்தோடு கேட் முன்னால் நிற்கிறோம். ஒரு ஆளுக்கு ஒரு கார்டு, இது கல்லில் எழுதிய விதி. நம் ஊர் பஸ்ஸில் "நாலு டிக்கெட்" என்று ஒருவர் வாங்கிவிடுவதைப் போல, அப்பா ஒருவர் தன் கார்டை நாலு தடவை தட்டி நாலு பேரை உள்ளே அனுப்ப முடியாது. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே ஜாயின்ட் அக்கவுன்ட் இருந்தாலும் ஆளுக்கொரு கார்டு வேண்டும். கிரெடிட் கார்டுக்கு ஆட்-ஆன் கார்டு, அதாவது அதே கணக்கில் வீட்டில் இன்னொருவர் பெயருக்குத் தரும் கார்டு, வாங்கி வைத்திருந்தால் அது தனிக் கார்டாகத்தான் கணக்காகும், தாராளமாக மனைவி கையில் கொடுக்கலாம். இதற்காகவே ஆட்-ஆன் கார்டு கேட்டு வாங்கலாம் என்பது என் கருத்து, பல பேங்கில் அது இலவசம், கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் கேட்டுவிட்டால் போதும்.

லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் இன்னொரு வழி உண்டு. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் போனையோ வாட்சையோதான் தட்டுவார்கள். ஒரே பேங்க் கணக்காக இருந்தாலும் போன் வேறு, பிளாஸ்டிக் கார்டு வேறு என்றுதான் டிஎஃப்எல் பார்க்கும். தனித்தனிப் பயணி, தனித்தனி உச்சவரம்பு. ஆகவே அத்தான் போனைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போகட்டும், அவர் பர்ஸில் தூங்கும் பிளாஸ்டிக் கார்டை விருந்தாளி வாங்கிக்கொண்டு ஊர் சுற்றலாம். பணம் அவர் கணக்கிலிருந்து போகும், கிளம்பும்போது கொடுத்தால் வாங்கவும் மாட்டார், அது அவரவர் உறவைப் பொறுத்தது. இதே விஷயம் எதிர்ப்பக்கமும் வெட்டும்: போனில் தட்டி உள்ளே போய்விட்டு, வெளியே வரும்போது அதே பேங்கின் பிளாஸ்டிக்கைத் தட்டினால் இரண்டு அரைகுறைப் பயணமாகி இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் போடுவார்கள். எதைத் தட்டி நுழைந்தோமோ அதையே தட்டி வெளியே வர வேண்டும். ஒரே பர்ஸில் இரண்டு கான்டாக்ட்லெஸ் கார்டு வைத்துக்கொண்டு பர்ஸோடு அப்படியே வைக்கிற பழக்கமும் ஆபத்துதான், மெஷின் எதைப் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவு சொல்லிவிட்டு, எங்கள் அப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஓய்ஸ்டர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவரிடம் இருந்தது ரூபே கார்டு என்பது ஒரு காரணம். ஆட்-ஆன் கார்டு கொடுத்திருக்கலாம், ஆனால் அவர் ஆயுசு முழுக்கக் கண்டக்டரிடம் சில்லறை எண்ணி வாங்கிச் சட்டைப் பையில் டிக்கெட்டை மடித்து வைத்தவர். அக்கா கார்டோடு ஒரு நாள் போய்வந்தவருக்கு இருப்பே கொள்ளவில்லை.

"இப்ப எவ்வளவு போச்சு?"

"ராத்திரிதான் தெரியும்பா."

"போயி இறங்கினப்புறம் ராத்திரி தெரிஞ்சு என்னடா பண்றது?"

கேள்வி நியாயமானது. பேங்க் கார்டைத் தட்டினால் கேட் திறக்குமே தவிர எவ்வளவு என்று காட்டாது. ஓய்ஸ்டரைத் தட்டி வெளியே வந்தால் இந்தப் பயணத்துக்கு இவ்வளவு, மீதி இவ்வளவு என்று அந்தச் சின்னத் திரையில் எண் ஓடும். அப்பா ஒவ்வொரு கேட்டிலும் நின்று அதைப் படித்துவிட்டுத்தான் நகர்வார், பின்னால் வருகிற கோட்டு சூட்டுக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள், அவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கட்டணம் ஒன்றுதான் என்பதால் இந்த 10 பவுண்டு அவர் மன நிம்மதிக்கான விலை. என் கணக்கில் அது மலிவு. இன்னொரு வசதி, ஓய்ஸ்டரில் ரொக்கமாகவே காசு ஏற்றலாம். ஸ்டேஷன் மெஷின்களில் ஏற்றலாம், தெருமுனைச் சின்னக் கடைகளிலும் ஏற்றலாம். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் பக்கம் முருங்கைக்காயும் பச்சரிசி மாவும் விற்கிற கடைக்காரரிடம் தமிழிலேயே "பத்து பவுண்டு போடுங்க தம்பி" என்று சொல்லி ஏற்றிக்கொள்கிற சுகம் அப்பாவுக்குக் கிடைத்தது. ட்யூப் ஸ்டேஷன்களில் டிக்கெட் கவுன்ட்டர்களை 2015-லேயே மூடிவிட்டதால், மெஷினோடு மல்லுக்கட்டத் தெரியாத பெரியவர்களுக்கு இந்தக் கடைகள்தான் கவுன்ட்டர்.

வயதானவர்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டு ஆசையோடு வருவார்கள். அறுபது வயதானவர்களுக்கான ஓய்ஸ்டரும், ஃப்ரீடம் பாஸ் என்ற முதியோர் இலவச பாஸும் லண்டனில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். சுற்றிப் பார்க்க வரும் தாத்தா பாட்டி முழுக் கட்டணம்தான் கட்ட வேண்டும். சென்னையில் அறுபது தாண்டியவர்களுக்கு மாதம் பத்து டோக்கன் கொடுக்கிறார்களே, அதுவும் சென்னையில் குடியிருப்பவர்களுக்குத்தானே, அது மாதிரிதான்.

குழந்தைகள் விஷயத்தில் லண்டன் தாராளம். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எங்கும் காசில்லை. 5 முதல் 10 வயது வரை பஸ்ஸிலும் இலவசம், காசு கட்டிய பெரியவரோடு போனால் ட்யூபிலும் இலவசம், ஒரு பெரியவர் நாலு பிள்ளைகள் வரை அழைத்துப் போகலாம். அவர்களுக்குக் கார்டே வேண்டாம், ஓரத்தில் அகலமான கேட் இருக்கும், அங்கே நிற்கும் ஊழியரிடம் பிள்ளையைக் காட்டினால் விட்டுவிடுவார். 11 முதல் 15 வரை உள்ளவர்களுக்குத்தான் ஓய்ஸ்டர் கட்டாயம் வாங்க வேண்டும் என்பேன். சாதாரண ஓய்ஸ்டர் ஒன்றை வாங்கி, பிள்ளையையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷன் ஊழியரிடம் போய் "யங் விசிட்டர்" தள்ளுபடி போட்டுத் தரச் சொல்ல வேண்டும். 14 நாள் வரைக்கும் பாதிக் கட்டணம். பேங்க் கார்டில் இந்தத் தள்ளுபடி கிடைக்காது. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், வயதைக் கேட்டால் காட்டலாம்.

ஹீத்ரோவில் இறங்கியதும் காசு கரையும் இடம் ஒன்று இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர மூன்று ரயில். பிக்கடில்லி லைன் ட்யூப் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும், 1-ஆம் ஸோனுக்கு 2025 கட்டணப்படி 5.80 பவுண்டு, எந்த நேரம் போனாலும் அதுதான். எலிசபெத் லைன் வேகமாகப் போகும், ஏசி உண்டு, 13 பவுண்டுக்கு மேல். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் ஊருக்குள் இருக்கும் பேடிங்டன் ஸ்டேஷனுக்குக் கால் மணியில் போய்விடும், அப்போதைக்கு வாங்கினால் 25 பவுண்டு அளவுக்கு ஆகும். வில்லங்கம் என்னவென்றால் பின்னிரண்டும் ஒரே பிளாட்பாரத்தில் வந்து நிற்கும், இரண்டுக்கும் கார்டைத் தட்டிவிட்டு ஏறலாம். தூக்கக் கலக்கத்தில் முதலில் வந்த ரயிலில் பெட்டிகளைத் தூக்கிப் போட்டு ஏறினால், நாலு பேர் குடும்பத்துக்கு நூறு பவுண்டு போய்விடும். ரயிலின் முகப்பைப் படித்துவிட்டு ஏறுங்கள். எலிசபெத் லைன் நாள் உச்சவரம்புக்குள் வரும், எக்ஸ்பிரஸ் வராது. காலையில் இறங்கி அன்றைக்கே ஊர் சுற்றத் தெம்பிருந்தால், எலிசபெத் லைன் கட்டணத்துக்கு மேல் கொஞ்சம் கொடுத்தாலே மீதி நாள் முழுக்க எங்கும் போகலாம் என்பது ஒரு கணக்கு. நான் பிக்கடில்லி கட்சி. ஏறும் இடமே லைனின் தொடக்கம் என்பதால் உட்கார இடம் கிடைக்கும், கொஞ்ச நேரம் தரைக்கு மேலேயே ஓடும், வீட்டுக் கொல்லைப்புறங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே வரலாம்.

கேட் இருக்கும் இடத்தில் தட்ட மறக்க வாய்ப்பில்லை. கேட் இல்லாத இடம்தான் ஆபத்து. கிரீனிச், கேனரி வார்ஃப் பக்கம் ஓடும் டிஎல்ஆர் ரயிலின் பல ஸ்டேஷன்களில் கேட்டே கிடையாது, ஒரு கம்பத்தில் மெஷின் மட்டும் நிற்கும். கிரீனிச்சில் பூஜ்யம் டிகிரிக் கோட்டில் கால் வைத்துப் படம் எடுக்கும் அவசரத்தில் எல்லோரும் விடுவிடுவென்று வெளியே போய்விடுவார்கள். வெளியே வரும்போது தட்டவில்லை என்றால் நீங்கள் எங்கே இறங்கினீர்கள் என்று தெரியாமல் அதிகபட்சக் கட்டணத்தைப் போட்டுவிடுவார்கள், அது உச்சவரம்பிலும் சேராது. நுழையும்போது தட்டாமல் பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம் 100 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டினால் பாதி. இளஞ்சிவப்பு நிற மெஷின்களும் சில ஸ்டேஷன்களில் இருக்கும். 1-ஆம் ஸோனுக்குள் போகாமல் சுற்றுவழியில் ரயில் மாறிப் போகிறவர்கள் அதில் தட்டினால் கட்டணம் குறையும், சுற்றுலாப் பயணிக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

ஸோன் கணக்கில் நம்மவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பார்க்கிற இடமெல்லாம் 1-ஆம் ஸோனில் இருந்தாலும் தங்குகிற இடம் எங்கே என்பதும் சேர்ந்துதான் உச்சவரம்பு. ஈஸ்ட் ஹாம் 3, 4 ஸோன்களின் எல்லையில் இருப்பதால் அக்கா வீட்டிலிருந்து போய்வர நாளுக்கு 10.50 வரை ஆகும். வெம்ப்ளி, அல்பர்ட்டன் பக்கம் தங்கினால் 4-ஆம் ஸோன், 12.80. ஓட்டல் வாடகையோடு ஒப்பிட்டால் இதெல்லாம் தூசு, அதுவும் ராத்திரி ரசம் சாதம் கிடைக்கிற இடத்தில்.

நேரம் கையில் இருந்தால் நான் பஸ்ஸைத்தான் சொல்வேன். பஸ்ஸுக்கு ஸோனே கிடையாது, ஊரின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே கட்டணம், 2025-இல் அது 1.75 பவுண்டு. முதல் பஸ்ஸில் தட்டிய ஒரு மணி நேரத்துக்குள் வேறு எத்தனை பஸ் மாறினாலும் கூடுதல் காசு கிடையாது. 2016-இல் ஒரு முறை மாறலாம் என்று தொடங்கி 2018-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் என்று ஆக்கினார்கள். கடைசி பஸ்ஸில் ஏறித் தட்டுவது அந்த ஒரு மணிக்குள் இருந்தால் போதும், இறங்குவது எப்போது என்பது கணக்கில்லை. ட்ரஃபால்கர் சதுக்கத்தில் 15-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி மாடியில் முன் சீட்டைப் பிடித்தால் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தைத் தாண்டி லண்டன் டவர் வரைக்கும் போகிறது. இதே சாலைகளைச் சுற்றிக் காட்டத் திறந்த மாடி டூரிஸ்ட் பஸ்காரர்கள் பல மடங்கு வாங்குகிறார்கள். விளக்கம் சொல்ல ஆள் இருப்பார் என்பதுதான் வித்தியாசம். எங்கள் கூட்டத்தில் விளக்கம் சொல்ல எப்போதும் நாலு பேர் இருப்பதால் எங்களுக்கு 15-ஆம் நம்பரே போதும்.

கார்டு செல்லும் எல்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்விக் விமான நிலையத்துக்கு ஓய்ஸ்டர், பேங்க் கார்டு இரண்டும் செல்லும். லூட்டன் ஏர்போர்ட் பார்க்வே, ரெடிங் பக்கம் பேங்க் கார்டு மட்டும்தான், ஓய்ஸ்டர் அங்கே செல்லாது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போகிறவர்கள் தனியாக ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும், லண்டனில் தட்டி ஏறிவிட்டு அங்கே போய் இறங்கி முழிக்கக் கூடாது. தேம்ஸ் நதியில் ஓடும் படகில் இரண்டு கார்டையும் தட்டலாம், ஆனால் அது உச்சவரம்பில் சேராது, தனிச் செலவு.

திரும்பும்போது ஓய்ஸ்டரில் 10 பவுண்டுக்குள் மீதி இருந்தால் ஸ்டேஷன் மெஷினிலேயே திருப்பி வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் வாங்குவதில்லை. ஏற்றிய காசுக்குக் காலாவதி கிடையாது என்பதால் அப்பாவின் கார்டு இப்போது அக்கா வீட்டில் இருக்கிறது. சித்தப்பா போனபோது அதைத்தான் பயன்படுத்தினார், அடுத்து ஜூன் மாதம் மாமியார் போகிறார். அவரும் ரூபேதான்.